ஜோடி ஹாலில் நடந்த கொலைகள்

அந்த ஆலையில் சாக்ஸ் செய்வார்கள். கீழ்த்தளத்தில் மிஷின் ஹால். அங்கே நூல் உள்ளே போய்ச் சாக்ஸாக வெளியே வரும். பக்கத்தில் நிற்பவர் தும்மினாலும் காதில் விழாத அளவுக்குச் சத்தம். அதற்கு மேல்மாடியில் சாயம் போட்டு, இரும்புக் கால்களில் மாட்டிச் சூட்டில் நிமிர்த்துவார்கள். ஒற்றை ஒற்றையாகக் குவிந்து வருவதை இரண்டிரண்டாகச் சேர்க்கிற வேலை உச்சி மாடியில். அந்த இடத்துக்கு ஜோடி ஹால் என்று பெயர். பெயரைக் கேட்டால் கல்யாணத் தரகு நடக்கிற இடம் போலத் தோன்றும். உள்ளே போனால் நீளமான மேஜை, இரண்டு பக்கமும் பெண்கள், தலைக்கு மேல் ட்யூப்லைட், மேஜை முழுக்கக் கறுப்பு.

கறுப்பு என்று சொல்வது வெளியாட்கள். அந்தக் குவியலில் கறுப்பும் உண்டு, கருநீலமும் உண்டு, கரிச்சாம்பலும் உண்டு. ட்யூப்லைட் வெளிச்சத்தில் மூன்றும் கூடப் பிறந்தவை மாதிரி ஒரே முகமாக இருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிறம் பார்க்க வேண்டும், நீளம் பார்க்க வேண்டும், விரல் பக்கத்துத் தையல் பார்க்க வேண்டும், சேர்த்து மடித்துப் பக்கத்தில் தள்ள வேண்டும். கைக்கு வேலை, கண்ணுக்கு வேலை. காதுக்கும் வாய்க்கும் மட்டும் ஒரு வேலையும் கிடையாது. அந்தக் காதுகளையெல்லாம் கதையக்கா எடுத்துக்கொண்டாள்.

கதையக்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கூட்டமான வீட்டில் நடுவில் பிறந்தவள். மூத்தவர்கள் அதிகாரமாகப் பேசினார்கள், இளையவர்கள் அழுது காரியம் சாதித்தார்கள், இவள் முறை வருவதற்குள் சாப்பாடு முடிந்து எல்லாரும் கை கழுவப் போய்விடுவார்கள். கல்யாணம் ஆனால் மாறும் என்று நினைத்தாள். கணவர் தண்ணீர் பம்ப் ரிப்பேர் பார்ப்பவர். நல்ல மனிதர். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், எதைச் சொன்னாலும் “ம்” என்பார். ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாமே என்று “வீடு பத்திக்கிச்சுங்க” என்று சொல்லிப் பார்த்தாள். “ம்” என்றார். மகள் ஒருத்தி இருக்கிறாள். அவள் காதில் எந்நேரமும் ஒயர் தொங்கும். அம்மாவின் வாய் அசைந்தால் ஒரு பக்கத்து ஒயரை மட்டும் எடுத்து “என்னம்மா, சாப்பாடா?” என்பாள். சாப்பாடாக இல்லாவிட்டால் ஒயர் திரும்ப உள்ளே போய்விடும்.

பேச ஆள் இல்லாததால் படிக்க ஆரம்பித்தாள் என்று சொன்னால் சோகமாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. ஒரு நாள் மழைக்கு உள்ளே ஒதுங்கினாள். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு ஒரு புத்தகத்தை எடுத்தாள். அதில் முதல் பக்கத்திலேயே ஒரு டாக்டரைக் கொன்றிருந்தார்கள். மழை விட்ட பிறகும் அவள் நகரவில்லை.

நூலகக்காரர் வாழ்நாளில் ஒரு புத்தகம்கூடப் படித்ததில்லை. படித்தால் கண் கெட்டுவிடும், கண் கெட்டால் கடையை யார் பார்ப்பது என்பார். ஆனால் எது நல்ல புத்தகம் என்று அட்சரம் பிசகாமல் சொல்வார். திரும்பி வருகிற புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான். “இதைப் பாருங்கம்மா. டீக்கறை எல்லாம் மொத இருபது பக்கத்துலதான் இருக்கு. அதுக்கப்புறம் ஒருத்தர்கூட டீ குடிக்கல. தைரியமா எடுத்துட்டுப் போங்க.” அவர் கடையில் அலமாரிகளுக்கு அட்டை எழுதி மாட்டியிருந்தார்: கொலை, பேய், காதல், வேற கிரகம், குடும்பம். உலகத்தில் மனிதனுக்கு நடப்பது எல்லாம் அந்த ஐந்துக்குள் அடங்கிவிடும் என்பது அவர் எண்ணம்.

கதையக்கா கொலை அலமாரியிலேயே குடியிருந்தாள். ஓர் எழுத்தாளர் பிடித்துவிட்டால் அவர் எழுதியதை ஒன்றுவிடாமல் படித்து முடிப்பாள். முடிந்ததும் வேண்டியவர்கள் வீடு காலி செய்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். பிறகு தெரியாத பெயர் ஒன்றை எடுப்பாள். முதல் சில பக்கங்களுக்கு, புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டை எட்டிப் பார்ப்பதுபோலச் சந்தேகத்தோடு படிப்பாள். இவருக்கு விஷத்தில் நம்பிக்கையா, கத்தியிலா? நாயைக் கொல்வாரா, விட்டுவிடுவாரா? எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும் இவள் வயிறு எந்த வரியில் கலங்கும் என்று முன்னாலேயே தெரிந்து வைத்திருக்கிற ஆளா? அப்படிப்பட்டவர் கிடைத்த நாளில் கதையக்காவுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கும். பஸ்ஸில் யார் காலை மிதித்தாலும் சிரிப்பாள்.

ஹாலில் கதை சொல்ல ஆரம்பித்தது திட்டம் போட்டு நடந்ததல்ல. அவளுக்குப் பக்கத்தில் லேபிள் ஒட்டுகிறவள் உட்கார்ந்திருப்பாள். அவளை எல்லாரும் லேபிள் என்றே கூப்பிடுவார்கள். ஒரு நாள் காலையில் அவள்தான் கேட்டாள்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?”

“டாக்டரைக் கொன்னது யாருன்னு தெரிஞ்சு போச்சு.”

“ஐயோ, எந்த ஆஸ்பத்திரில?”

அது புத்தகம் என்று விளக்க வேண்டியிருந்தது. விளக்கியதும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிக்கொண்டு போகும்போது, பாதியில்தான் கவனித்தாள்: மேஜை முழுக்க யாரும் பேசவில்லை. மூச்சு வாங்க நிறுத்தினால், அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் “அப்புறம்?” என்றது. இந்தக் கோடியிலிருந்து இன்னொரு குரல் “அப்புறம்?” என்றது. பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. அன்று மத்தியானம் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண்ணில் நூல் தூசு விழுந்துவிட்டது என்று லேபிளிடம் சொன்னாள்.

அதற்கப்புறம் அது ஹாலின் வழக்கமாகிவிட்டது. ஒரு சட்டமும் போட்டார்கள். கதையக்காவுக்கு மனதில் இருப்பது முகத்தில் தெரிந்துவிடும். கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகு அவன் பெயரைச் சொன்னால் குரல் ஒரு மாதிரி இறங்கும். ஒரு முறை அந்தக் குரலை வைத்தே ஹால் மொத்தமும் கண்டுபிடித்துவிட்டது. கதை சப்பென்று போனது. அதனால் நாளைக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் இன்றைக்குச் சாயங்காலமும் நாளைக் காலையிலும் பஸ்ஸில் படிக்கலாம், ஒரு பக்கம்கூட முன்னால் போகக் கூடாது என்று சத்தியம் வாங்கினார்கள். நல்ல இடத்தில் புத்தகத்தை மூடி வைப்பது சாதாரணக் காரியமா? நாக்கு தள்ளியது. ஆனாலும் மூடினாள். முப்பது பேர் சேர்ந்து ஆற்றைத் தாண்டும்போது ஒருத்தி மட்டும் முன்னால் ஓடிப்போய்க் கரையேறி நிற்பது அழகல்ல என்று அவளுக்கே தோன்றியது.

இப்படியே நன்றாகப் போயிருக்கும். சூப்பர்வைசர் மாறினார்.

புது சூப்பர்வைசர் எண்ணுவதில் பிறவி ஆர்வம் உள்ளவர். பெட்டியை எண்ணுவார், பெட்டிக்குள் ஜோடியை எண்ணுவார், படியேறும்போது வாய் முணுமுணுக்கும், படியைத்தான் எண்ணுகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் அவர் சில மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் கவிழ்த்தார்.

“பாருங்க. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு நீலம். கடைக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்கு என்ன புரியலன்னா, மத்த நாள் சரக்கெல்லாம் சுத்தமா இருக்கு. சில நாள் மட்டும் மொத்தமா ஊத்திக்குது. போன திங்கக்கிழமை இங்க என்னம்மா நடந்துச்சு?”

மேஜைக் கோடியில் இருந்த ஒருத்திதான் வாயைக் கொடுத்தாள்.

“திங்கக்கிழமைதான் சார் வக்கீல் செத்தாரு.”

“எந்த வக்கீல்?”

“விஷம் வச்ச வக்கீல் சார். அவரு வச்ச கிளாஸ் அவருக்கே மாறிப்போச்சு.”

சூப்பர்வைசர் இன்னொரு மூட்டையைத் தொட்டார். “இது அதுக்கு முந்தின வியாழக்கிழமை சரக்கு.”

“அன்னிக்கு டாக்டர் சம்சாரம் மாடியிலேருந்து விழுந்துட்டாங்க,” என்றாள் லேபிள்.

“விழலக்கா, தள்ளிவிட்டாங்க,” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தி திருத்தினாள்.

“ஒரே வாரத்துல ரெண்டு சாவா? ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?” என்றார் சூப்பர்வைசர். அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது. “வெள்ளிக்கிழமை?”

“வெள்ளிக்கிழமைதான் சார், கொன்னது போலீஸ்காரரேன்னு தெரிஞ்சுது.”

சூப்பர்வைசர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

கதையக்கா எழுந்து நின்று உண்மையைச் சொன்னாள். பிணம் விழுந்தால் ஹாலில் கை நிற்காது, ஆனால் கண் சாக்ஸில் இருக்காது. அவ்வளவுதான். சூப்பர்வைசர் தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பேசவே கூடாது என்று உத்தரவு போட அவருக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அவருக்கு முன்னால் இருந்தவர் அதைச் செய்து பார்த்திருக்கிறார். மத்தியானம் ஆனதும் மேஜை முழுக்கத் தூங்கி வழிந்து பாதி வேலைதான் நடந்தது.

“சரிம்மா. கதை சொல்லுங்க. நான் வேணாங்கல. ஆனா கொலை கூடாது. இனிமே இந்த ஹால்ல ஒரு பொணம் விழுந்துச்சுன்னா, உங்களைக் கீழ மிஷின் ஹாலுக்கு மாத்திருவேன். அங்க நீங்க எத்தனை பேரை வேணாலும் கொல்லுங்க, யாருக்கும் கேக்காது.”

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். கதையக்காவுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. வேலைக்குப் பயந்தவள் இல்லை அவள். மிஷின் ஹாலுக்குப் போனால் அந்த “அப்புறம்?” போய்விடும். வீட்டிலும் “ம்”, ஆலையிலும் இரைச்சல் என்றால் மனுஷி எதற்குத்தான் வாயை வைத்துக்கொண்டிருப்பது?

அன்று சாயங்காலம் நூலகக்காரரிடம் போய், கொலை இல்லாமல் ஏதாவது கொடுங்கள் என்றாள்.

“உடம்புக்கு எதாவது முடியலையாம்மா?” என்று கேட்டார் அவர். விஷயத்தைச் சொன்னதும் பேய் அலமாரிக்குப் போய் ஒன்றை எடுத்துவந்தார். “பாருங்க, பக்கத்து ஓரமெல்லாம் கசங்கியிருக்கு. படிச்சவங்க கெட்டியாப் புடிச்சிக்கிட்டு இருந்திருக்காங்க.”

பேய்க்கதை நடந்த நாட்களில் ஜோடி ஒன்றும் தப்பவில்லை. ஆனால் சரக்கு அறைக்குத் தனியாகப் போக ஆள் கிடைக்கவில்லை. ஒரு காலி அட்டைப்பெட்டி எடுக்க மூன்று பேர் போனார்கள். பாத்ரூமுக்கு ஐந்து பேராகப் போய், ஐந்து பேரும் ஒன்றாகத் திரும்பி வந்தார்கள். சூப்பர்வைசர் வந்து, பொணம் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே என்றார். லேபிள் விடவில்லை. “பேய்னா ஏற்கெனவே செத்தவங்க சார். நாங்க புதுசா யாரையும் கொல்லலையே.” அவர் மென்று விழுங்கிவிட்டு, பேயும் வேண்டாம் என்றார்.

காதல் அலமாரியை அதுவரை கதையக்கா திரும்பிப் பார்த்ததில்லை. கல்லூரிப் பெண்கள் சமாசாரம் என்று நினைத்திருந்தாள். அதிலிருந்து எடுத்த முதல் புத்தகத்தில், கடிகாரக் கடையில் ஒன்றாக வேலை பார்க்கும் இரண்டு பேர், முடிவு வரைக்கும் வேலை விஷயத்தைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கொலைக்கதையில்கூட அவளுக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தாள். ஹாலில் அதைச் சொல்லி முடித்த அன்று, ஒருத்தி பாக்கி இல்லாமல் அழுதார்கள். கண்ணீரோடு பார்த்தால் கறுப்பாவது நீலமாவது! அந்த நாளின் மூட்டைதான் எல்லாவற்றிலும் பெரிதாகத் திரும்பி வந்தது.

“இதுல யாரும்மா செத்தா?” என்று கேட்டார் சூப்பர்வைசர்.

“யாரும் சாகல சார்,” என்றாள் லேபிள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “அதான் சார் தாங்கல.”

கடைசியில் வேற கிரகம் காப்பாற்றியது. ஒரு பெரிய விண்கப்பல். அது போய்ச் சேரப் பல தலைமுறை ஆகும். அதற்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே வளர்ந்தவர்கள், மண் என்றால் என்ன என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். ஹாலில் யாரும் அழவில்லை, யாரும் பயப்படவில்லை. கேள்விதான் கேட்டார்கள். அங்கே பாத்ரூம் எங்கே இருக்கும்? சாக்ஸ் யார் செய்து கொடுப்பார்கள்? கதையக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் தேடி, புத்தகத்தில் இல்லாததற்கு மன்னிப்புக் கேட்டாள். அந்தக் கதை ஒரு மாதம் ஓடியது. இத்தனை வருஷம் அந்தக் கடையில் ஒரே அலமாரி முன்னால் நின்றுவிட்டு வந்திருக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. சொந்த வீட்டில் ஓர் அறையைத் திறக்காமலே குடியிருந்த மாதிரி. ஜோடிகள் சுத்தமாக இருந்தன. சூப்பர்வைசர் சிரித்தபடி எண்ணினார்.

அப்புறம்தான் அந்தப் புத்தகம் வந்தது.

“புதுசும்மா,” என்றார் நூலகக்காரர். “எழுதினது யாருன்னே தெரியல. ஒரே ஒருத்தர்தான் எடுத்துட்டுப் போனாரு, மறுநாளே குடுத்துட்டாரு. டீக்கறை இல்ல, மடிப்பு இல்ல. ஆனா கடைசிப் பக்கம் கிட்ட பாருங்க, முதுகு ஒடைஞ்சிருக்கு. பிரிச்சபடியே கவுத்து வச்சிட்டு எங்கியோ வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு.”

அட்டையில் ஒரு படகு, ஆறு, பனிமூட்டம். அதனால் அவர் அதைக் குடும்பம் அலமாரியில் வைத்திருந்தார். கதையக்காவும் குடும்பக் கதை என்று நம்பித்தான் எடுத்தாள். அட்டையில் எழுத்தாளர் படம் இல்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் முதல் பக்கத்திலேயே இவர் தன் ஆள் என்று தெரிந்துவிட்டது. ஒரு துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தத்தை ஒரே வரியில் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் பஸ் கம்பி ஈரமாக இருப்பதுபோல இருந்தது.

ஏழு பேர் அக்கரைக்குப் போகப் படகில் ஏறுகிறார்கள். ஒவ்வொருவராக அறிமுகமாகிறார்கள். மூன்றாம் அத்தியாயத்தைக் காலையில் பஸ்ஸில் படித்தாள். படகு அக்கரை சேர்ந்தது, ஏழு பேரும் இறங்கி நடந்தார்கள், பின்னால் தண்ணீரில் ஒரு பிணம் மிதந்தது. கதையக்கா அங்கேயே “ஐயோ” என்றாள். பக்கத்தில் நின்றவர் தன் காலை நகர்த்திக்கொண்டார்.

அன்றைக்குப் பார்த்து, பெட்டிகளைத் தானே சரிபார்ப்பதற்காகச் சூப்பர்வைசர் நாற்காலி போட்டு ஹாலிலேயே உட்கார்ந்திருந்தார்.

கதையக்கா சுற்றிவளைத்துச் சொல்லிப் பார்த்தாள். “எல்லாரும் எறங்கிட்டாங்க. ஆத்துல மட்டும் ஒருத்தரு… படுத்திருந்தாரு.”

“தண்ணியிலயா?” என்றாள் லேபிள்.

“ஆமா.”

“நீந்துறாரா?”

“அப்படிச் சொல்ல முடியாது.”

“அப்புறம்?”

“அப்புறம் எழுந்திரிக்கல.”

“செத்துட்டாருன்னு சொல்லித் தொலையேன்டி!”

ஹாலே திரும்பிச் சூப்பர்வைசரைப் பார்த்தது. அவர் தலையை நிமிர்த்தாமல், கையில் இருந்த ஜோடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“ஏறினது எத்தனை பேரும்மா?”

“ஏழு சார்.”

“எறங்கினது?”

“ஏழு சார்.”

“படகோட்டி?”

“அவரு படகுலயே இருக்காரு சார். அவரைச் சேக்கல.”

“அப்ப அந்தப் பொணம் யாருது?”

“அதான் சார் தெரியல.”

“கணக்கு இடிக்குதே,” என்றார் சூப்பர்வைசர். மிஷின் ஹாலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் கதை நேரத்துக்கு முன்னாலேயே நாற்காலியோடு வந்து உட்கார்ந்தார்.

பேய்க்கும் காதலுக்கும் மசியாத மனிதர், சரக்கு ஒன்று கூடுகிறது என்றதும் விழுந்துவிட்டார். ஏழு உள்ளே, ஏழு வெளியே, ஒன்று உபரி. வாழ்நாள் முழுக்க எண்ணியவருக்கு இதைவிட வேறு என்ன கொடுமை வேண்டும்? தினமும் சந்தேகம் கேட்டார். படகில் முன்பே யாராவது ஒளிந்திருந்தார்களா? பனியில் இறங்கியவர்களை எண்ணியது யார், அவன் ஒழுங்காக எண்ணுகிறவனா? கேட்டுக்கொண்டே தன் கையால் பெட்டிகளைச் சரிபார்த்து, தன் முத்திரையைக் குத்தி அனுப்பினார். படகோட்டி வாயைத் திறந்து, “அது யார் என்று எனக்குத் தெரியும்” என்கிற இடத்தில் அன்றைய பகுதி முடிந்தது. இன்னும் ஓர் அத்தியாயம்தான் பாக்கி.

மறுநாள் காலை முதலாளி அவரைக் கூப்பிட்டார். ஒரு லாரிச் சரக்கு மொத்தமாகத் திரும்பியிருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் சூப்பர்வைசரின் சொந்த முத்திரை. ஹாலில் என்ன நடக்கிறது என்று முதலாளி கேட்டார். கதை கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும். “அங்க ஒரு அம்மா ஓயாமப் பேசுறாங்க சார்,” என்றார்.

மாடிக்கு வந்து உத்தரவைச் சொல்லும்போது அவர் கதையக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தார். “முதலாளி உத்தரவும்மா. இன்னிலேருந்து மிஷின் ஹால்.” லேபிள் சண்டைக்குப் போனாள். கதையக்கா அவளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மிஷின் ஹாலில் வேலை கஷ்டமில்லை. வரிசையாக ஓடும் மிஷின்களுக்கு நடுவே நடந்து, அறுந்த நூலை முடிச்சுப் போட வேண்டும், தீர்ந்த நூல் கண்டை மாற்ற வேண்டும். எல்லாரும் காதில் பஞ்சு வைத்திருந்தார்கள். பேச்சு முழுக்கச் சைகைதான். ஷிப்ட் நேரமும் வேறு. காலையில் முன்னாலேயே வந்து முன்னாலேயே போக வேண்டும். ஜோடி ஹால் ஆட்களை வாசலில்கூடப் பார்க்க முடியவில்லை.

புத்தகம் பையிலேயே இருந்தது. முதல் நாள் சாயங்காலம் பஸ்ஸில் எடுத்தாள். இனி எந்தச் சத்தியமும் கிடையாது, முழுசாகப் படிக்கலாம், ஒரே அத்தியாயம். பிரித்தாள். வரிகள் இருந்தன. படித்தால் அந்த ஆள் யார் என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டுக்குப் போய்ச் சொன்னால் “ம்” வரும். மூடி வைத்தாள். மறுநாளும் பிரித்தாள், மூடினாள். பிறகு பிரிக்கவே இல்லை. வாரம் இரண்டு ஓடியது. இவ்வளவு பிடித்த எழுத்தாளரை இப்படிப் பாதியில் நிறுத்திவைத்திருக்கிறோமே என்று துக்கமாக இருந்தது. நூலகக்காரரைப் பார்க்காமல் எதிர்ச்சாரியில் நடந்து போனாள்.

ஒரு மத்தியானம் சூப்பர்வைசர் மிஷின் ஹாலுக்கு வந்தார். நூல் கண்டுகளைப் பார்ப்பவர்போல ஒரு சுற்று வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கதையக்காவின் மிஷினுக்கு முன்னால் வந்து நின்று ஏதோ கத்தினார்.

“கேக்கல சார்!” என்று இவளும் கத்தினாள்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏழு விரலைக் காட்டினார். துடுப்புப் போட்டார். மறுபடி ஏழு விரலைக் காட்டினார். பிறகு ஒற்றை விரலைத் தூக்கி, கழுத்தைச் சாய்த்து, நாக்கை வெளியே தள்ளிக் காட்டி, உள்ளங்கையை விரித்தார். அடுத்த வரிசைக்காரர்கள் நூல் முடிச்சுப் போடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

கதையக்கா தெரியாது என்று தலையாட்டினாள்.

கோபத்தில் சொல்ல மறுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் அவர். முகம் விழுந்துவிட்டது. கை இரண்டையும் கூப்பினார். அவள் மறுபடி தலையாட்டினாள். சூப்பர்வைசர் விறுவிறுவென்று சுவர்ப் பக்கம் போய் மெயின் சுவிட்சை இறக்கினார்.

மிஷின்கள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டு நின்றன. யாராவது மிஷினில் கையைக் கொடுத்துவிட்டால் மட்டும்தான் அந்த ஹாலில் சுவிட்சை இறக்குவார்கள். எல்லாரும் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு, யாருக்கு என்ன ஆச்சு என்று ஓடிவந்தார்கள். சூப்பர்வைசர் இன்னும் இரைச்சலில் பேசும் குரலை இறக்கவில்லை.

“அந்தப் பொணம் யாருது!”

“எந்தப் பொணம்?” என்றார் நூல் கண்டு மாற்றுகிறவர், வெளுத்த முகத்தோடு.

“நான் இன்னும் படிக்கல சார்,” என்றாள் கதையக்கா.

“படிக்கலயா? ஒரே ஒரு அத்தியாயம்! ரெண்டு வாரமா பையிலயே வச்சிருக்கீங்களா? மனுஷியாம்மா நீங்க? எனக்குத் தூக்கம் போச்சு. எதை எண்ணினாலும் ஒண்ணு கூடுது.”

“படிச்சு யாருக்கு சார் சொல்லப்போறேன்?”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். கண்ணாடிக் கேபினில் போன் அடிக்க ஆரம்பித்தது. மிஷின் ஏன் நின்றது என்று முதலாளிதான் கேட்கிறார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் திரும்பவில்லை.

“எனக்குச் சொல்லுங்க,” என்றார், இந்த முறை மெதுவாக.

“எங்களுக்கும் சொல்லுங்கக்கா,” என்றார் நூல் கண்டுக்காரர். அவருக்கு விஷயம் என்னவென்றே தெரியாது.

தான் வாயைத் திறக்க வேண்டும் என்பதற்காக ஓடுகிற மிஷினை நிறுத்திவிட்டு ஒருவர் நிற்பது கதையக்காவுக்கு இந்த ஜென்மத்தில் இதுதான் முதல் தடவை. அழுதால் எழுத்து தெரியாது என்று அடக்கிக்கொண்டாள். பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். சூடு ஆறாத மிஷினில் சாய்ந்து நின்று அடையாளம் வைத்த பக்கத்தைப் பிரித்தாள். போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

முதல் வரியில் அவர்கள் எல்லாரும் சுற்றி நிற்பது தெரிந்தது. இரண்டாவது வரியிலும் தெரிந்தது. அதற்கப்புறம் பனிமூட்டம் வந்துவிட்டது. படகோட்டி துடுப்பைக் கீழே வைத்தான். கதையக்காவின் வாய் லேசாகத் திறந்தது. ஒரு பக்கம் திருப்பினாள், இன்னொரு பக்கம் திருப்பினாள். அங்கே எதையோ கண்டு, சந்தேகப்பட்டு, முந்தின பக்கத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. அடப்பாவி, இப்படியா எழுதுவ என்று முகம் தெரியாத அந்த எழுத்தாளரைச் செல்லமாகத் திட்டினாள்.

“என்னம்மா? யாரும்மா அது?” சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.

அவள் தலையைத் தூக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தினாள்.

“இருங்க சார். குறுக்க பேசாதீங்க.”

சூப்பர்வைசர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.